மீட்டரில் வைத்த சந்தனம்

மச்சான்,

இன்று சாயங்காலம் திருவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி இராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். மேற்கே மலை நிற்பதால் நம் பக்கம் பொழுது சட்டென்று விழுந்துவிடும், உங்களுக்குத் தெரியாததல்ல. வன்னியம்பட்டிப் பக்கம் வந்ததும் விளக்கைப் போட்டேன். மீட்டர்கள் நான்கும் எரிந்தன. செத்த நேரத்தில் பல்புகள் சூடேறி, டேஷ்போர்டுக்குள்ளிருந்து சந்தன வாசனை வந்தது. கோயில் சந்தனம் மாதிரி குளிர்ந்த வாசனை இல்லை. பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்த பட்டுத்துணியின் வாசனை, கூடவே கொஞ்சம் கருகல். நீங்கள் பூசியதுதான். எத்தனை சுரண்டியும் ஏதோ ஓர் இடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அழவில்லை, அதில் பொய் சொல்வானேன். களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். இந்த வண்டிக்குள் இறங்கி உட்காருவதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வெளியே வருவதும் இப்போதெல்லாம் என் முழங்காலுக்குப் பெரும்பாடு. தொழிலிலும் அப்படித்தான். இறங்கி உட்கார்ந்தாயிற்று, எழுந்து வரத்தான் தெம்பில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இன்று கிடைத்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன். முதலிலிருந்து வந்தால்தான் அது செய்தி. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இந்த வண்டி வந்த அன்றைக்கு நான் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? எண்பதுகளின் தொடக்கம். மலையில் எஸ்டேட் பார்த்த மேனேஜர் ஒருவர் ஊரைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு, பழைய மேசை நாற்காலி ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துவர உங்களை அனுப்பினேன். நீங்கள் வந்தது சீமையில் செய்த இந்த இரண்டு கதவு, இரண்டு இருக்கைக் காரில். தரையை ஒட்டிக் கிடந்தது. கூரை தார்ப்பாய். முன்விளக்கு இரண்டும் முழி பிதுங்கி நின்றன. பார்த்த உடனேயே நம் தறிக்கூடத்து ஆட்கள் அதற்குத் 'தவக்களை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"மச்சான், இதுல ஒரு பஞ்சு மூட்டை வைக்க முடியுமா? மூட்டைய விடுங்க, ஒரு பேண்டேஜ் பெட்டி வைக்க முடியுமா?" என்று கத்தினேன்.

"மூட்டை ஏத்தத்தான் லாரி இருக்கே மாப்பிள்ளை. நம்மள ஏத்த ஒண்ணு வேண்டாமா?" என்றீர்கள்.

மம்சாபுரத்தில் கூலிக்காரன் வீட்டில் பிறந்து, சைக்கிளில் கழிவுப் பஞ்சு மூட்டை கட்டி விற்றுத் தொழிலுக்கு வந்தவன் நான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் எம்புட்டு ஏற்றலாம் என்றுதான் தோன்றும். என்னை ஏற்றுவதற்கென்று ஒரு பொருள் உலகத்தில் இருக்கலாம் என்று அதுவரை நினைத்ததில்லை.

உங்கள் தங்கையைக் கட்டிய பிறகு நாம் இருவரும் சேர்ந்து தறி போட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் கட்டுத்துணி. நெய்து, வெளுத்து, சுருட்டி அனுப்புவோம். தொழிலில் வாய் என்னுடையது, கண் உங்களுடையது. நான் ஊர் ஊராகப் போய்ப் பேசி ஆர்டர் பிடிப்பேன். நீங்கள் துணியை மேசையில் விரித்து, சதுரமான அந்தச் சின்ன லென்சை வைத்துக் குனிந்து, அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணுவீர்கள். ஒரு நூல் குறைந்தாலும் அந்தத் துணியைக் கழித்துவிடுவீர்கள்.

"புண்ணு மேல கட்டுறது மாப்பிள்ளை. அதுல போயி லாபம் பாக்கக் கூடாது" என்பீர்கள்.

"பொறவு வேற எதுலதான் மச்சான் நாம லாபம் பாக்கோம்?" என்பேன். லென்சிலிருந்து தலையை எடுக்காமலே சிரிப்பீர்கள்.

சரி, சந்தனத்துக்கு வருகிறேன். ஆயுத பூசை வந்தால் உங்களைப் பிடிக்க முடியாது. தறி, தராசு, வெளுப்புத் தொட்டி, கத்தரிக்கோல், டெலிபோன், எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். உங்கள் சந்தனம் கெட்டியாக இருக்காது. பன்னீரைத் தாராளமாக ஊற்றி, மோர்க்குழம்பு பதத்தில் கரைத்திருப்பீர்கள். தவக்களைக்கு மட்டும் தனிக் கவனிப்பு. வெளியே பொட்டு வைத்தால் போதாதென்று உள்ளே டேஷ்போர்டில் ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு சுவிட்சுக்கும், ஒவ்வொரு திருகுக்கும் மூன்று விரலால் இழுப்பீர்கள்.

"மீட்டருக்கு எதுக்கு மச்சான் பொட்டு?"

"அதுவும் ராப்பகலா வேலை பாக்குதுல்ல? சும்மா கூலி வாங்குற ஆளா அது?"

அடுத்த நாள் நான் துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவீர்கள். பூசைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஐப்பசி மாதம் முழுக்க வண்டி ஓடும். இப்படியே வருடா வருடம்.

பிறகு ஒரு ஆடி மாதம். பூரத்துக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று உங்கள் தங்கை நச்சரித்தாள். உங்களிடம் வண்டியை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். போகும்போது வெளிச்சம் இருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டால் ரோடு தெரிகிறது, மீட்டர் ஒன்றுகூடத் தெரியவில்லை. உள்ளே கிணறு மாதிரி கருப்பு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பாதி வழியில் வண்டி இரண்டு தடவை தும்மிவிட்டு நின்றது. பட்டுச் சேலையோடு உங்கள் தங்கையும் பின்னால் நின்று தள்ளினாள்.

"எங்க அண்ணன் கையில இருந்த வரைக்கும் இது ஒருநாளு கூட நின்னதில்ல" என்றாள்.

"உங்க அண்ணன் கையில இருக்கும்போது உள்ள லைட்டு எரிஞ்சுதாட்டி?"

"எரியாம? எரியாமலா தெனமும் பொழுது சாஞ்ச பெறவு வீட்டுக்குப் போறாவ?"

அந்தக் கேள்வி அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வண்டியைத் தள்ளுகிறவனுக்கு வண்டியைத் தவிர வேறெதுவும் தோன்றாது.

மறுநாள் உங்களிடம் கேட்டேன். "மீட்டர் லைட்டு எம்புட்டு நாளா எரியல மச்சான்?"

"எரியலையா?" என்றீர்கள். உடனே, "ஆமா, எரியாது. எதுக்கு எரியணும்? எஞ்சின் சத்தத்துலயே எனக்கு வேகம் தெரியும். சூடேறுனா மூக்குக்குத் தெரியும். வெட்டிச் செலவு பண்ணாதீய" என்று லென்சுக்குள் குனிந்துவிட்டீர்கள்.

செலவு என்று நீங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அது என் வசனம். என் வசனத்தை நீங்கள் பேசியது எனக்கு விநோதமாக இருந்தது. நான் விடவில்லை. ஒரு பொருள் இருந்தால் அது வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் கழற்றிப் போட வேண்டும், இது என் குணம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த எலக்ட்ரீஷியன் வந்து, எல்லாப் பல்பையும் மாற்றி, கூலி வாங்கிக்கொண்டு, "சீமை வண்டி அண்ணாச்சி, இது இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் போனார். எரியவில்லை. அப்படியென்றால் நாமே பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாத நேரத்தில் செட்டுக்குள் வண்டியை ஏற்றினேன். உங்களுக்கு விருப்பமே இல்லை. வந்து நின்றீர்கள்.

எனக்கு மின்சாரப் படிப்பு கிடையாது. ஆனால் சரக்கு எங்கே முடங்கியது என்று கண்டுபிடிக்கத் தெரியும். புறப்பட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு கையாக விசாரித்துக்கொண்டே போக வேண்டும். பழைய பல்புகளைக் கழற்றி பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் எரிந்தன. அந்த எலக்ட்ரீஷியன் வீணாக மாற்றியிருக்கிறார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. வண்டியின் பக்க விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ், பக்க விளக்கு எரிகிறதே. எர்த் சரியில்லையோ என்று மீட்டரின் முதுகிலிருந்து பாடிக்கு ஒரு வயர் இழுத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருந்தது டிம்மர். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு. பல்புகளுக்குப் போகிற கரண்டு மொத்தமும் அது வழியாகத்தான் போகும். டெஸ்ட் லேம்பை வைத்தேன். டிம்மருக்குள் கரண்டு போகிறது. வெளியே வரவில்லை.

கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே இருந்த கம்பிச் சுருள் முழுக்க மஞ்சளும் சிவப்புமாய்க் காறை. அதன் மேல் பச்சைக் களிம்பு. உங்கள் சந்தனம், மச்சான். மோர்க்குழம்பு பதத்தில் கரைத்தது திருகின் தண்டு வழியாக வருடா வருடம் உள்ளே இறங்கி, அங்கேயே காய்ந்து, கம்பியைத் தின்றிருந்தது.

உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. மூக்கில் வைத்தீர்கள். "சந்தனமால்லா இருக்கு!" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாமி கும்பிட்டுக் கும்பிட்டே வண்டியோட கண்ண அவிச்சிட்டீயளே மச்சான்!"

நீங்கள் சிரிக்கவில்லை. டிம்மரைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு திருகு இல்லாமல் வயர்களை நேராக முறுக்கிவிட்டால் என்ன என்று யோசித்தேன். அதற்கு முன் எந்த வயரில் கரண்டு வருகிறது என்று சரிபார்க்க வேண்டும். பக்கத்து இருக்கையின் காலடியில் மல்லாந்து படுத்துத் தலையை டேஷ்போர்டுக்குக் கீழே நுழைத்தேன். நீங்கள் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தீர்கள். உங்கள் செருப்பு என் காதோரம் இருந்தது. "மாப்பிள்ளைக்கு இம்புட்டு மரியாதை வேற எந்த வீட்டுல கெடைக்கும்?" என்றேன். பல்பு வெளிச்சம் தெரிய வேண்டும் என்று செட்டின் தகரக் கதவைச் சாத்தியிருந்தோம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே அரை இருட்டு.

"சுவிட்சப் போடுங்க மச்சான்."

டிக்கென்று சத்தம் கேட்டது. உடனே உங்கள் குரல். "ஆங்! வந்துருச்சு மாப்பிள்ளை! ஜோரா எரியுது!"

தலைக்கு மேலே பல்புகளின் முதுகு எனக்குத் தெரிந்தது. எல்லாம் இருட்டு.

"நாலுமா?" என்றேன்.

"நாலும்தான். கண்ணு கூசுது. போதும், வெளிய வாங்க, சாப்பிடப் போவோம்."

நீங்கள் கேலிக்காரர். கேலி என்றுதான் நினைத்தேன். முழங்கையை ஊன்றி எழுந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை. இருண்டு கிடந்த நான்கு மீட்டர்களைப் பார்த்து, நல்ல சரக்கைப் பார்த்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் டிம்மரைச் சுரண்டி மாட்டிவிட்டேன், சுவிட்சைப் போட்டதும் எரிந்திருக்கும் என்று நம்பி, எரிவதாகச் சொல்லிவிட்டீர்கள்.

"மச்சான், டிம்மரு என் பையில இருக்கு."

நீங்கள் சுவிட்சை அணைத்தீர்கள்.

"அப்படியா" என்றீர்கள்.

நான் வியாபாரி. அந்த நிமிடம் எனக்கு முதலில் தோன்றியது உங்கள் கண் இல்லை, நாம் அனுப்பிய துணி. அதை உங்களிடமே சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை.

"துணியப் பத்திக் கவலைப்படாதீய. லென்ச வச்சா நூல் நூலாத் தெரியுது. நடுவுல நல்லாருக்கு. ஓரமெல்லாம்தான் கருப்பு. ஒரு கொழாய் வழியாப் பாக்க மாதிரி. வெயில்ல இருந்து உள்ள வந்தா செத்த நேரம் ஒண்ணுமே தெரியல. பொழுது சாஞ்சா..." அதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

"பொழுது சாஞ்ச பெறவுதானே தெனமும் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறீய?"

"ரோடு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை."

"ரோடு தெரியும். ரோட்டோரம் நிக்கவன் தெரிவானா? மில்லு விட்டு சைக்கிள்ல வாரவன் தெரிவானா?"

உங்கள் விரல் பெட்ரோல் மீட்டரின் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னீர்கள்: "தங்கச்சிக்குத் தெரியக் கூடாது. என் வீட்டுக்காரிக்கு, உங்க அக்காவுக்கு, அறவே தெரியக் கூடாது. தெரிஞ்சா படிக்குப் படி கையப் புடிப்பா. தெருவுல எல்லாரும் பாக்க, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. அது மட்டும் எனக்கு வேண்டாம் மாப்பிள்ளை. அதுக்கு நான் எங்கயும் போகாம இருந்துக்கிடுவேன்."

அதுதான் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. கண் போவது அதற்குப் பிறகுதான். நான் ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு இரண்டு கேட்டேன். மதுரைக்கு வந்து கண்ணைக் காட்ட வேண்டும், சாவியை என்னிடம் கொடுக்க வேண்டும். நூல் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மதுரை போனோம். கண்ணுக்குள் நீரழுத்தம், போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நடுப்பார்வை கடைசியாகத்தான் போகும், லென்ஸ் வேலைக்குக் கெடுதல் இல்லை என்றும் சொன்னார். சொட்டு மருந்துக்கு வீட்டில் என்ன காரணம் சொல்வது என்று பஸ்ஸில் நான் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது, "வெளுப்புத் தொட்டிப் புகை கண்ணுக்கு ஆகலன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றீர்கள். பொய்யில் நீங்கள் இவ்வளவு கெட்டிக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது.

சாவி விஷயம்தான் சிக்கல். ஆட்கள் கேட்பார்கள். இவ்வளவு ஆசையாக வைத்திருந்தவர் ஏன் கொடுத்தார் என்று ஊர் பேசும். நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். நீங்களாகக் கொடுத்தால்தானே கேள்வி. நான் பிடுங்கிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். என்னைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஒரு கணிப்பு இருந்தது.

தறிக்கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது ஆரம்பித்தேன். "மச்சான், இந்த வண்டி இனிமே எனக்கு. சாவியக் குடுங்க."

நீங்கள் எழுந்து நின்ற நிற்பு! "ஏலே! யாரு வண்டிய யாரு கேக்கது? மூட்டை வைக்க முடியாதுன்னு குதிச்ச பயதானல நீ?"

தறிகளே நின்றுபோன மாதிரி இருந்தது. தங்கை புருஷனை ஏலே என்று கூப்பிடுவார்களா? அதுவரை என்னை நீங்கள் ஒருமையில் பேசியதே இல்லை. சாவியைத் தரையில் வீசி எறிந்தீர்கள். நான் குனிந்து எடுத்தேன். அன்று சாயங்காலம் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் போகும்போது, ஊர் எல்லை தாண்டியதும், "ஏலேன்னு சொன்னது கொஞ்சம் கூடிப்போச்சோ மாப்பிள்ளை?" என்றீர்கள்.

"இல்ல மச்சான். ரொம்ப நாளா மனசுல வச்சிருந்த மாதிரி நல்லா வந்துச்சு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் தார்ப்பாய் கிழிந்திருக்கும்.

டிம்மரை நான் திரும்ப மாட்டவே இல்லை. புதிது வாங்கலாம் என்றேன். "வேண்டாம், முழுசா எரியட்டும். கொறைக்க வேண்டாம்" என்றீர்கள். இரண்டு வயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றினேன். முழு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு என் கண்ணைக் குத்தும். அந்த வெளிச்சத்திலும் உங்களுக்கு முள் தெரியாது, ஏதோ பச்சையாக எரிகிறது என்று மட்டும் தெரியும். அதுவே போதும் என்றீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நான் உங்களைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுத் திரும்புவேன். தொழில் பேசப் போகிறோம் என்று சாக்கு. வண்டி நகர்ந்ததும் கேட்பீர்கள்: "எம்புட்டு?"

"வேகம் நாப்பது. சூடு நடுவுல நிக்கி. ஆயில் சரி. பெட்ரோல் பாதி."

மைல் கணக்கு மீட்டர் அது, நாற்பது என்றால் நல்ல வேகம். நான் பாட்டுக்கு ஐம்பதுக்கு ஏற்றிவிட்டு நாற்பது என்பேன். "பொய் சொல்லாதீய. அம்பதுல போறீய" என்பீர்கள். ஒருநாளும் தப்பியதில்லை. நான் காலை எடுப்பேன். எதிரே லாரி வந்தால் சொல்வேன், மாட்டுவண்டி வந்தால் சொல்வேன். உங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. இறங்குவதற்கு முன்னால், "அக்கா நிக்காவ, வலது பக்கம்" என்று முணுமுணுப்பேன். நீங்கள் சரியாக வலது பக்கம் திரும்பி, "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்பீர்கள். நானே அசந்துபோவேன்.

ஊரில் என் பெயர் கெட்டது. மச்சினன் வண்டியை மிரட்டி வாங்கிக்கொண்டவன், அவரை வேலைக்காரன் மாதிரி பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிக்கொண்டு திரிகிறவன். உங்கள் தங்கை ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அக்கா எப்போது பார்த்தாலும் ஒரு குத்து குத்துவார்கள். "தம்பிக்கு இன்னும் ஆசை அடங்கலையோ?" என்பார்கள். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு காப்பி குடிப்பீர்கள். எனக்கு அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. பல வருடம் போனபின்தான் தோள் வலித்தது.

போன வருடம் நெஞ்சுவலி வந்து நீங்கள் போனீர்கள். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போதும் அக்கா விடவில்லை. "கடைசி வரைக்கும் அந்தச் சாவியத் திருப்பிக் குடுக்கலையே தம்பி" என்றார்கள். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வார்த்தை, நீங்கள் போன பிறகும் காலாவதி ஆகவில்லை.

ஆனால் சுமக்கத் தெம்பு குறைந்துகொண்டே வந்தது. கரண்டு இருப்பதில்லை, நூல் விலை ஏறுகிறது, துணி விலை ஏறவில்லை, தறியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். இந்த வண்டியையும் இந்தப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்று மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் சாவியை நீட்டினேன். "இந்தாங்க அக்கா. உங்க வண்டி."

அக்கா வாங்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இத வச்சு நான் என்ன தம்பி செய்ய? எனக்கு மீட்டரப் படிச்சிச் சொல்ல யாரு வருவா?" என்றார்கள்.

நீட்டிய கையை இறக்கினேன். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தார்ப்பாய் வழியா நீங்க மீட்டரு படிக்கது வாசலுக்கே கேக்கும், கண்ணு விசயம் அதுக்கு முந்தியே தெரியும். ஒருநாளு சோறு போட்டேன். தட்டுல எடது ஓரமா வச்ச கூட்டு அப்படியே கெடக்கு. பிடிக்கலையோன்னு நெனச்சேன். தட்டத் திருப்பி, கூட்ட நேரா அவியளுக்கு முன்னால வச்சேன். 'அட, கூட்டு வச்சிருக்கியா'ன்னு சாப்பிட்டாவ. அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு அடுத்த வாரம்தான் நீங்க வண்டியப் புடுங்குனீய."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுமா என்னத் திட்டிக்கிட்டே இருந்தீய?"

"திட்டாம இருந்தா அவியளுக்குச் சந்தேகம் வந்துரும்லா? நான் தெரியாதவளா இருக்கணும்னு அவியளுக்கு ஆசை. இருந்துட்டுப் போறேன்." பிறகு கொஞ்சம் சிரித்தார்கள். "தெனமும் சோறு போடும்போது பாதிச் சாப்பாட்டுல தட்டத் திருப்புவேன். கொழம்பு ஊத்துற சாக்குல. ஒருநாளு கூட அவிய கண்டுபிடிக்கல."

"காரியத்தன்னைக்கும் எல்லார் முன்னாடியும் கேட்டீயளே அக்கா."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா, கண்ணு தெரியாத மனுசன்னு பேசிக்கிட்டே எல்லாரும் கலைஞ்சிருப்பாவ. கார் பறிகொடுத்த மனுசனாப் போனாவ. அது நல்லாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத்தான் கஷ்டம்."

இதுதான் மச்சான் செய்தி. படிக்குப் படி கையைப் பிடிப்பார்கள் என்று பயந்தீர்களே. பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல், தட்டு வழியாக. வாசலில் அக்காவை நீங்கள் ஏமாற்ற நான் உதவியபோதெல்லாம், ஏமாந்ததாக நின்றவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வலது பக்கம் என்று நான் முணுமுணுத்தது அவர்கள் காதில் விழுந்திருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஏன் தினமும் அதே இடத்திலேயே நின்றார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இனிமேல் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அக்காவே சொல்லிவிட்டார்கள். உங்கள் தங்கையிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் முதலில் அழுவாள், பிறகு இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அதற்கும் என்னைத்தான் திட்டுவாள். அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் தெம்பு வைத்திருக்கிறேன்.

சாவி என்னிடமே இருக்கிறது. வன்னியம்பட்டிப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டியை மறுபடி கிளப்பினேன். முழு வெளிச்சம் வழக்கம்போல் கண்ணைக் குத்தியது. என் கண்ணும் இப்போது முன்னைப்போல் இல்லை, டிம்மர் ஒன்று வாங்கி மாட்டினால் தேவலை. மாட்ட மாட்டேன். சந்தன வாசனை அடங்கியிருந்தது. மில் விட்டு வருகிறவர்கள் ஓரமாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ரோடு காலியான இடத்தில் கால் தன் பாட்டுக்கு அழுத்தியது.

"வேகம் நாப்பது மச்சான்" என்றேன். "சூடு நடுவுல நிக்கி. ஆயில் சரி."

முள் ஐம்பதில் இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து ஒன்றும் வரவில்லை. செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலை எடுத்து நாற்பதுக்கு இறக்கினேன்.